கடலும் கடல் சார்ந்த ஹோட்டலும்: ஓர் ஐந்திணை ஆய்வு

பரமட்டாவிலும் அதை ஒட்டிய வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பகுதிகளிலும் வாழும் தமிழர்கள், லாங் வீக்கெண்டு வந்தால் கடலோரமாகச் சொகுசுப் பயணம் போகிறார்கள். இந்தப் பழக்கத்தை இதுவரை யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆராய்ந்திருந்தால் அது கிரெடிட் கார்டு கம்பெனிக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிடுவதில்லை. மாதக் கடைசியில் ஆளாளுக்குத் தனித்தனியாக அனுப்பிவிடுகிறார்கள்.

ஆய்வு என்றால் அளவுகோல் வேண்டும். ஹோட்டல்களை நட்சத்திரத்தால் அளக்கும் வழக்கம் இந்த ஆய்வுக்கு உதவாது. ஹோட்டல் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் நட்சத்திரம் தற்புகழ்ச்சி. தங்கியவர் போடும் நட்சத்திரமோ, அன்று காலை அவருக்குக் காபி சூடாகக் கிடைத்ததா என்பதைப் பொறுத்தது. நிலத்தையும் பொழுதையும், அதற்குள் மனிதர் படும் பாட்டையும் ஒருங்கே அளக்கும் கருவி ஒன்று நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கும்போது வெளியில் தேடுவானேன்? தொல்காப்பியப் பொருளதிகாரத்தைத்தான் சொல்கிறேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அது போட்டுக் கொடுத்த பாகுபாடு, பயண ஏஜெண்டுகளின் எந்தப் பட்டியலையும்விடக் கச்சிதமானது.

நம் கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம். கடலோரம் நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். ஆகவே கடலோரச் சொகுசுப் பயணத்தின் உண்மையான நோக்கம் இரங்குவதே. இன்பமாக இருக்கத்தானே இவ்வளவு செலவு என்று மாற்றுக் கட்சியார் கேட்பார்கள். அந்தச் செலவுதான் நமக்கு முதல் சான்று.

பயணம் தொடங்கும் இடமான பரமட்டா மருதம். இதில் ஐயம் வேண்டாம். 1788 நவம்பரில் ஆளுநர் ஆர்தர் பிலிப் இங்கே ரோஸ் ஹில் என்ற குடியிருப்பை அமைத்ததே சோற்றுக்கு வழி தேடித்தான். துறைமுகத்தை ஒட்டிய மண்ணில் போட்ட விதை ஒழுங்காக விளையவில்லை. ஆற்றோடு உள்ளே வந்தார்கள். மறு ஆண்டு ஜேம்ஸ் ரூஸ் என்ற முன்னாள் கைதியின் கையில் கொஞ்சம் நிலத்தைக் கொடுத்து, ஒருவன் தன் விளைச்சலில் தானே பிழைப்பானா என்று சோதித்துப் பார்த்தார்கள். பிழைத்தான். அந்த எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் இருந்த பகுதிதான் இன்றைய ஹாரிஸ் பார்க். இப்போது அங்கே விளைவது தோசையும் பானி பூரியும். ரூஸ் பெயரில் ஒரு பெருஞ்சாலை இருக்கிறது; வேலை நாள் காலையில் அதில் ஏர் உழும் வேகத்தில்தான் போக முடியும்.

மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். பொழுது வைகறையும் விடியலும். பழைய ஊடலுக்குக் காரணம் பரத்தை என்பார்கள். பரமட்டா ஊடலுக்குக் காரணம் பாங்கன். ஹோட்டல் புக்கிங் முடிந்து, பணமும் போய், திரும்ப வராது என்ற நிபந்தனையும் ஏற்கப்பட்ட பிறகு பாங்கனின் போன் வரும்: “அந்த ஹோட்டலா மச்சான்? போன ஈஸ்டருக்கு நாங்க அதுலதான் தங்கினோம். பாதி விலை. காலைச் சாப்பாடும் சேர்த்து.” இது மெய்யா பொய்யா என்று சோதிக்க வழி கிடையாது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் தலைவியும் கேட்டுவிட்டாள். அன்றிரவு வாயில் மறுக்கப்படும். பாணனைத் தூது விட முடியாத காலம் என்பதால் தலைவன் தானே போய் பாத்திரம் கழுவ வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஊடல் புறப்படும் நாள் விடியலில் நிகழ்வது. ஐந்தரைக்குக் கிளம்புவதாக முடிவாகியிருக்கும். ஐந்தரைக்குத் தலைவன் காரில் உட்கார்ந்து எஞ்சினை ஓட விட்டிருப்பான். இது உதவியாகாது என்பது உலகுக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்குள் தலைவி காஸ் அடுப்பை மூடினோமா என்று மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டி நகரும்போது எட்டரை.

குறிஞ்சியை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் பயணிகளும் அப்படித்தான் கடக்கிறார்கள். மேஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் ஒரு கும்பிடு. மேஸ் ஹில் பெயரில்தான் மலை இருக்கிறது. நிலத்தில் இருப்பது சற்றே தூக்கலான ஒரு மேடு. ஆனாலும் சேயோன் அதை ஏற்றுக்கொண்டு அங்கே குடியிருக்கிறான். குறிஞ்சிக்குரிய புணர்தல் இங்கே நான்கு குடும்பங்களும் மூன்று கார்களும் ஒன்று சேர்வது. அத்துடன் சரி.

முல்லை அப்படியல்ல. தெற்கே காட்டுக்குள் ஹெலன்ஸ்பர்க் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். அதன் புறத்தே யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே 1985 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரர் கோயில். காடு, காட்டில் மாயோன். தொல்காப்பியர் முல்லைக்குச் சொன்னது வரி பிசகாமல் நியூ சவுத் வேல்ஸில் அமைந்திருப்பதை எண்ணி எந்த ஆய்வாளனுக்கும் புல்லரிக்கும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்துக் காத்திருத்தல். இந்தக் கோயிலில் பக்தர்கள் காத்திருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சன்னிதி. மற்றது வார இறுதி கேண்டீன். சன்னிதியில் வரிசை நகரும். கேண்டீனில் கையில் சீட்டை வைத்துக்கொண்டு, தன் எண் எப்போது வரும் என்று மசால் தோசை வரும் திசையையே பார்த்து நிற்கும் அந்தப் பெண்களைக் கண்டால், போருக்குப் போன தலைவன் கார்காலத்தில் திரும்புவான் என்று வாசலில் நின்ற முல்லைத் தலைவிக்கு இத்தனை பொறுமை இருந்திருக்குமா என்று தோன்றும். இந்த முல்லையில் தலைவனும் பக்கத்தில்தான் நிற்கிறான். அவனுக்குத் தனிச் சீட்டு.

இனி பாலை. இதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி. ஆகவே வாசகர் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டியது பள்ளிக்கூடப் பாடம். பொழுது நண்பகல். உரிப்பொருள் பிரிதல். அங்கே வாழ்வோர் ஆறலை கள்வர், அதாவது வழிப்பறிக்காரர். இதற்குச் சிட்னியில் ஈடாக எதைச் சொல்வது என்று யோசிக்கவே வேண்டாம். எம்7 சாலையில் கார் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய இ-டேக் ‘பீப்’ என்கிறது. கள்வர் முகம் காட்டுவதில்லை, வாள் உருவுவதில்லை, வண்டியை நிறுத்தக்கூடச் சொல்வதில்லை. மானமுள்ள தலைவன் மேப்பில் ‘சுங்கம் வேண்டாம்’ என்பதைத் தட்டிவிட்டு, சிக்னல் சிக்னலாக நின்று போகிறான். அதில் மிச்சமான காசு பெட்ரோலாகப் போயிற்று என்று பின் சீட்டிலிருந்து கணக்குச் சொல்வாள் மகள். அவள் பத்தாம் வகுப்பு.

ஆனால் பாலையின் முழு உருவம் சாலையில் வெளிப்படுவதில்லை. ஹோட்டல் கடிகாரத்தில் வெளிப்படுகிறது. சிறுபொழுது ஆறு, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்று படித்திருக்கிறோம். காலை என்னும் பொழுது பத்து மணிக்கு முடிகிறது. எற்பாடு இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. இடைப்பட்ட பத்து முதல் இரண்டு வரை நண்பகல், பாலைக்குரிய பொழுது. இப்போது ஆஸ்திரேலியக் கடலோர ஹோட்டல்களின் வழக்கத்தைப் பாருங்கள். பத்து மணிக்குச் செக்-அவுட். இரண்டு மணிக்குச் செக்-இன். நெய்தலுக்கு உரிய எற்பாடு தொடங்கும் கணத்தில்தான் கடலோர அறையின் சாவி கைக்கு வருகிறது! இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு வாதாட நான் தயாராக இல்லை.

ஓர் ஊரின் அறையை விட்டு வெளியே தள்ளப்பட்டு, அடுத்த ஊரின் அறைக்குள் சேர்க்கப்படாத அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பரமட்டாக் குடும்பம் படும் பாட்டுக்குப் பாலை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. மெத்தையைப் பிரிந்தாயிற்று. கழிப்பறையைப் பிரிந்தாயிற்று. கார் டிக்கியில் பெட்டிகளுக்கு மேல் ஈரத் துண்டு. அதற்கு மேல் பாதி சாப்பிட்ட சிப்ஸ் பாக்கெட். பார்க்கிங்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று பலகை. “எதாவது பாக்கலாமே” என்று யாரோ சொல்ல, இந்த நேரத்தில்தான் இயற்கைக் காட்சிகள் பார்க்கப்படுகின்றன. இந்தக் கடற்கரையின் புகழ்பெற்ற காட்சிகள் பலவும் செக்-அவுட்டுக்கும் செக்-இன்னுக்கும் இடையில், வேறு போக்கிடம் இல்லாதவர்களால் ரசிக்கப்படுகின்றன என்பது நமது ஆய்வின் இரண்டாவது கண்டுபிடிப்பு.

அந்தக் காட்சிகள் என்னவோ நிஜமாகவே பெரியவைதான். ராயல் நேஷனல் பார்க்கில் தொடங்கித் தெற்கே நவுரா வரை போகும் கிராண்ட் பசிபிக் டிரைவ் சுமார் 140 கிலோமீட்டர். அந்தப் பூங்கா 1879-இல் அறிவிக்கப்பட்டது. இன்றுள்ள தேசியப் பூங்காக்களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் மட்டும்தான் இதற்கு மூத்தது என்பார்கள். பூங்காவின் தென்கோடியில் பால்ட் ஹில் மேட்டில் நின்றால் கீழே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. அங்கே 1894 நவம்பரில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டி வடிவக் காற்றாடிகள் நான்கைக் கோத்துத் தன்னையும் கட்டிக்கொண்டு பதினாறு அடி உயரம் எழும்பினார். விமானத்துக்கு முந்தைய ஆராய்ச்சியில் அந்தக் காற்றாடிக்கு ஓர் இடம் உண்டு. இன்னும் தெற்கே, கெரோவாவின் செவன் மைல் பீச் மணலை ஓடுபாதையாக்கி 1933 ஜனவரியில் சார்லஸ் கிங்ஸ்ஃபர்ட் ஸ்மித் நியூசிலாந்துக்குப் பறந்தார். இந்த இருவரும் பழைய இருபது டாலர் காகித நோட்டில் ஆளுக்கொரு பக்கமாக அச்சாகியிருந்தார்கள். 1994-இல் பிளாஸ்டிக் நோட்டு வந்து இருவரையும் இறக்கிவிட்டது. இன்று அதே இருபது டாலருக்கு இந்தக் கடலோரத்தில் மூன்று பேர் காபி குடிக்கலாம்; கேக் கேட்கக் கூடாது. (இரங்கல். சான்று இரண்டு.)

அடுத்தது சீ கிளிஃப் பாலம். மலைச்சரிவை ஒட்டிப் போன பழைய சாலையில் பாறைகள் விழுந்துகொண்டே இருந்ததால் 2003-இல் சாலையை மூடிவிட்டார்கள். மலையோடு வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிக் கடலுக்குள் காலை ஊன்றி, 665 மீட்டர் நீளத்துக்குச் சுமார் ஐந்து கோடி டாலரில் வளைந்து நெளிந்து ஒரு பாலம் எழும்பியது. 2005 டிசம்பரில் திறந்தார்கள். ஒரு பக்கம் குறிஞ்சி, மறுபக்கம் நெய்தல். திணை மயக்கத்துக்குத் தொல்காப்பியர் இடம் கொடுத்திருப்பதால் பொதுப்பணித் துறைமேல் குற்றமில்லை. ஆனால் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்த முடியாது. தெற்கே போய் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். நடப்பது என்று தெரிந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரியும். செவிலித்தாயும் நற்றாயும் காரிலேயே இருப்பார்கள். ஆகவே பாலையின் பிரிதல் இங்கும் உண்டு.

கியாமாவின் ப்ளோஹோலைப் பற்றித் தனியே ஓர் ஆய்வேடு எழுதலாம். பாறைக் குகைக்குள் அலை மோதி மேலே உள்ள துளை வழியாகப் பீறிட்டடிக்கும். 1797 டிசம்பரில் ஜார்ஜ் பாஸ் படகில் வந்தபோது இதைக் கண்டு குறித்து வைத்தார். அவர் பார்த்தபோது பீறிட்டது. நாம் போகும்போது, தென்கிழக்கிலிருந்து அலை சரியாக வந்தால்தான் பீறிடும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. கம்பி வேலியைச் சுற்றிலும் போன் உயர்த்திய கைகள். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. துளைக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். கை வலித்துப் போனை இறக்கும் கணத்தில் அடிக்கிறது. வீடியோவில் பதிவாவது தலைவனின் செருப்பும் “ஐயையோ” என்ற குரலும். நெய்தலுக்குள் முல்லையின் இருத்தல் புகுந்து, இரங்கலில் முடிவதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டை உரையாசிரியர் இளம்பூரணராலும் தந்திருக்க முடியாது.

இரண்டு மணி அடித்தாயிற்று. நெய்தலுக்குள் நுழையலாம்.

நெய்தலின் தெய்வம் வருணன். இவ்வூரில் அவன் 1908-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அரசு ஊழியன். பியூரோ ஆஃப் மீட்டியராலஜி என்பது அலுவலகத்தின் பெயர். காலை எழுந்ததும் பயணிகள் முதலில் வணங்குவது அந்த ஆப்பைத்தான். ‘மழைக்கு நாற்பது சதவீதம் வாய்ப்பு’ என்று அவன் அருளும் வாக்கு, பழைய குறி சொல்வோரின் வாக்கைப்போலவே, என்ன நடந்தாலும் பொய்யாவதில்லை.

அடுத்தது உணவு. பரதவர் மீனையும் உப்பையும் விற்றுப் பெற்ற பண்டமே நெய்தலின் உணவு என்பது உரையாசிரியர் கருத்து. வலங்காங் கடற்கரையில் பண்டமாற்று தலைகீழ். மீனையும் உப்பையும் நாம் வாங்க வேண்டும்; விலை பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. ஃபிஷ் அண்ட் சிப்ஸ். சிப்ஸ்மேல் தூவும் மஞ்சள் உப்புக்கு இந்த நாட்டில் சிக்கன் சால்ட் என்று பெயர். இதில் பெரும்பாலும் சிக்கன் இருப்பதில்லை என்று இளைய தலைமுறை அடித்துச் சொல்கிறது. பெயரில் இருக்கிறதே என்று மாமியார் தட்டைத் தள்ளி வைக்கிறார். பெயரா பொருளா என்ற இந்தத் தர்க்கம் நீள்வதற்குள் சிப்ஸ் ஆறிவிடுகிறது. அதற்குள் புள் வந்துவிடுகிறது.

நெய்தலின் புள்ளாகப் பழைய உரைகள் அன்றிலையும் கடற்காக்கையையும் சொல்லும். இங்கே அது சில்வர் கல். வெள்ளை உடல், சாம்பல் முதுகு, சிவந்த அலகு, சிவந்த கால், இமை கொட்டாத வெளிறிய கண். முதலில் ஒன்று மட்டும் வந்து, நம்மைப் பார்க்காததுபோலப் பக்கவாட்டில் நடக்கும். நோட்டம் பார்க்க வந்த ஒற்றன் அது. ஒரு குழந்தை பாவம் பார்த்து ஒரு துண்டை எறிந்தால் அது கழுத்தை நீட்டித் தொண்டை கிழியக் கத்தும்; அடுத்த நொடி முப்பது. அதில் ஒன்று, வாய்க்குப் போய்க்கொண்டிருக்கும் சிப்ஸை விரலுக்கு வலிக்காமல் எடுத்துக்கொண்டு போகும் லாகவத்தைக் கண்டால் எம்7 சாலையின் ஆறலை கள்வர் இதனிடம்தான் தொழில் கற்றார்கள் என்று தோன்றும். அன்றில் துணையைப் பிரிந்தால் உயிர் வாழாதாம். சில்வர் கல் சிப்ஸைப் பிரியாது.

தொழில், மக்கள் என்ற தலைப்புகளில்தான் நமக்குச் சிக்கல். தூத்துக்குடியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த பெரியவர் ஒருவர் கடலை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தண்ணி நல்லாத்தான் கெடக்கு. போட்டையே காணோமே, இங்க யாரும் தொழிலுக்குப் போறதில்லையா?” என்று கேட்டார். பலகையில் நின்று அலையில் சறுக்கும் ஆட்களைக் காட்டினோம். “இதுக்கு என்ன கெடைக்கும்?” என்றார். பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வேறு கட்சி. ஹையம்ஸ் பீச்சின் வெள்ளை மணலை உலகமே வாய் பிளந்து பார்க்கும்போது அவர்கள் ஒரு பிடி எடுத்து உதிர்த்துவிட்டு, “தம்பி, எங்கட காரைநகர் கசூரினா பீச்சைப் பாத்தனீரோ?” என்பார்கள். பாத்தனீரோ இல்லையோ, அன்று மாலை வரை கசூரினா பீச்தான். அதற்காகத் தனியே இரங்க வேண்டியதில்லை; அவர்களே அதைச் செய்கிறார்கள்.

இப்போது அறை. அகத்திணையில் அறைதான் அகம்.

ஹோட்டல்காரர்கள் அறைகளை மூன்றாக வகுக்கிறார்கள். ஓஷன் வியூ என்றால் கடல் தெரியும். விலையைக் கேட்டால் கண் தெரியாது. கோர்ட்யார்ட் வியூ என்றால் குப்பைத் தொட்டி தெரியும். இவற்றுக்கு நடுவில் பார்ஷியல் ஓஷன் வியூ என்று ஒன்று. பரமட்டாத் தமிழர் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். இந்த அறையின் பால்கனியில் நேராக நின்றால் எதிர்க் கட்டடத்தின் ஏசி மிஷின். இடது மூலைக்குப் போய், கைப்பிடியில் வயிற்றை அழுத்தி, மோவாயை வெளியே நீட்டினால் ஒரு நார்ஃபோக் பைன் மரம். அந்த மரத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவே மூன்று விரல் அகலத்துக்கு நீலம். அது கடல்தானா, யாருடைய வேனின் கூரையா என்று உறுதி செய்ய அது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். தொல்காப்பியர் உள்ளுறை, இறைச்சி என்று சொன்னது இதைத்தான். பொருள் உள்ளே இருக்கும், வெளிப்படத் தோன்றாது, உணர்வுடையோர் உய்த்துணர்ந்துகொள்ள வேண்டும். உய்த்துணர்வதற்கு ஓர் இரவுக்குக் கூடுதலாக அறுபது டாலர்.

இனிக் களவியல். அறை நான்கு பேருக்கு. தங்குவது ஆறு பேர். ரிசப்ஷனில் இருவர் மட்டும் போய் நிற்க, மற்றவர்கள் கார் பார்க்கிங்கில் அந்நியரைப்போல உலாவுகிறார்கள். பிறகு தோழி வாட்ஸாப்பில் குறியிடம் அனுப்புகிறாள்: மூன்றாம் மாடி, லிஃப்டுக்கு வலப்பக்கம். பகற்குறி, இரவுக்குறி இரண்டுக்கும் இலக்கணம் எழுதிய மொழி இது. ஆறாவது ஆள் பெரும்பாலும் ஆளல்ல, ரைஸ் குக்கர். குளிர் கோட்டுக்குள் சுற்றி, கைக்குழந்தையைப்போல மார்போடு அணைத்து, ரிசப்ஷனைத் தாண்டி அதைக் கொண்டுபோகும் தலைவியின் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நட்சத்திர ஹோட்டலில் தங்கிக்கொண்டு எதற்கு ரைஸ் குக்கர் என்று கேட்பவர்கள், அந்த ஹோட்டலின் இரவுச் சாப்பாட்டு விலைப்பட்டியலைப் பார்க்காதவர்கள். அல்லது வீட்டில் வயதானவர்கள் இல்லாதவர்கள். “ஒரு வாய் ரசஞ்சோறு இருந்தா போதும்மா, எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம்” என்று நற்றாய் சொல்லிவிட்டால் அந்த ஒரு வாய்க்காக ஒரு சமையலறையே ஊர்ந்து வர வேண்டும்.

களவு வெளிப்படும் நிலைக்கு அலர் என்று பெயர். ஊரார் வாயில் பழி பரவுவது. கடுகு வெடித்து, கறிவேப்பிலையும் பெருங்காயமும் ரசத்தில் இறங்கிய இரண்டாம் நிமிடம் அலர் அறைக் கதவின் அடியில் புறப்பட்டு, காரிடார் கம்பளத்தில் ஊர்ந்து, லிஃப்டில் ஏறி, ரிசப்ஷன் வரை போய்விடுகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. நெய்தலுக்கு ஒரு பறை உண்டல்லவா? மீன்கோட்பறை. இங்கே அது கூரையில் வெள்ளை வட்டமாகப் பதிந்திருக்கிறது. ஸ்மோக் அலாரம். தாளிப்புப் புகை அதைத் தொட்டதும் மூன்று மாடிக்கும் கேட்கும்படி முழங்குகிறது. தலைவன் நாற்காலிமேல் ஏறி துண்டால் விசிறுகிறான். வீண் அலாரத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்தால் அதன் கட்டணம் தங்குபவர் தலையில் என்று பாத்ரூம் கதவுக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒட்டியிருப்பதை மகள் அப்போதுதான் உரக்க வாசிக்கிறாள். போன் மணி அடிக்கிறது. தோழி அறத்தொடு நிற்க வேண்டிய தருணம். “ஜஸ்ட் டோஸ்ட்” என்கிறாள்.

இதுவரை காட்டியவை சில்லறை இரங்கல்கள். பெரும் இரங்கலுக்கு விக்டோரியா மாநிலம் போக வேண்டும். மெல்பர்னில் மைத்துனர் வீட்டில் ஒரு ராத்திரி, மறுநாள் வாடகைக் காரில் கிரேட் ஓஷன் ரோடு என்பது பரமட்டாக்காரர்களுக்கு அடுத்த வகுப்பு. டார்க்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபர்ட் வரை 243 கிலோமீட்டர். இந்த நெய்தலில் உரிப்பொருளைத் தேடி அலைய வேண்டாம். சாலையே இரங்கலால் போட்டது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சுமார் மூவாயிரம் பேர், திரும்பாத தோழர்களின் நினைவாக, 1919 முதல் 1932 வரை பாறையை வெட்டி இதை அமைத்தார்கள். கையில் கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் மர வளைவுக்கு முன்னால் நின்று படம் எடுப்பது ஒரு போர் நினைவுச்சின்னத்தின் வாசலில். ஆரம்பத்தில் இங்கும் சுங்கம் வாங்கினார்கள். 1936-இல் சாலையை மாநில அரசு ஏற்றதும் கைவிட்டார்கள். சுங்கச்சாலை சும்மா விடப்படும் என்பதை நம்ப மறுக்கும் சிட்னிவாசிகளுக்காக ஆண்டையும் குறித்திருக்கிறேன்.

அந்தச் சிப்பாய்களுக்கும் ஓர் இடைவேளை கிடைத்தது. 1924-இல் கேப் பேட்டன் அருகே கசினோ என்ற கப்பல் பாறையில் முட்டி, மிதப்பதற்காக ஐந்நூறு பீப்பாய் பீரையும் 120 பெட்டி சாராயத்தையும் கடலில் தள்ளிவிட்டது. அலை அவற்றைத் தொழிலாளர்கள் இருந்த கரையில் ஒதுக்கியது. இரண்டு வாரம் சாலை நகரவில்லை. இந்தக் கடலோரத்தின் முதல் சொகுசுப் பயணம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். மினிபார் தானே அறைக்கு வந்த ஒரே சந்தர்ப்பமும் இதுதான்.

அதற்கப்பால் கப்பல் உடைந்த கரை என்றே பெயர் பெற்ற பகுதி. 1878 ஜூனில் லாக் ஆர்ட் என்ற கப்பல் இங்கே நொறுங்கியது. ஐம்பத்து நான்கு பேரில் பிழைத்தவர்கள் டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்ற இரண்டே இளையவர்கள். அவர்கள் கரையேறிய பள்ளத்துக்குள் படியிறங்கி நின்றால் பேச்சு வராது. இந்தப் பத்தியில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

டுவெல்வ் அப்பாஸ்தல்ஸ் பாறைகளில் அகப்படுகிறது. பெயரில் பன்னிருவர். பன்னிரண்டு எப்போதும் இருந்ததில்லை. பெண்பன்றியும் குட்டிகளும் என்று முதலில் இருந்த பெயரைச் சுற்றுலாவுக்காக உயர்த்தினார்கள். இருந்தவற்றிலும் ஒன்று 2005 ஜூலையில் சில நொடிகளில் சரிந்து கல்குவியலாயிற்று. பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை வளைவு 1990 ஜனவரியில் கரைப் பக்கம் முறிந்து, அந்தப் பக்கம் போயிருந்த இருவரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. அதன்பின் அதன் பெயர் லண்டன் ஆர்ச். பெயரில் ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டு மூன்றோடு நிற்கும் ஹோட்டல்களை நாம் கோபிக்கிறோம். பாறைகளை மட்டும் எண்ணிப் பார்த்து, குறைகிறதே என்று காசு திருப்பிக் கேட்டவர் இல்லை. வடநாட்டிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்தவர்கள்கூட விரல் விட்டு எண்ணிவிட்டுப் பெருமூச்சு விட்டதோடு சரி. எற்பாட்டு வெயிலில் அந்தச் சுண்ணாம்புப் பாறைகள் மஞ்சளும் காவியுமாக மாறும்போது, எண்ணிக் கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பத்து நிமிடம் இருக்கும். பிறகு கழிப்பறை எங்கே என்ற கேள்வி எழுகிறது.

ஐந்திணை முடிந்தது. அதற்கு இரு பக்கமும் தொல்காப்பியர் நிறுத்திய இரண்டு மிச்சம். கைக்கிளை ஒருதலைக் காமம். வீடு திரும்பிய மூன்றாம் நாளிலிருந்து ஹோட்டல் அனுப்பும் மின்னஞ்சல்கள் இதில் அடங்கும். நீங்கள் இல்லாமல் ஏங்குகிறோம், உங்கள் கணக்கில் 340 புள்ளிகள் சேர்ந்துள்ளன, வாருங்கள். ரசம் வைத்த குடும்பத்தைப் பார்த்து மனமறிந்து எழுதக்கூடிய வார்த்தைகளா இவை?

பெருந்திணை பொருந்தாக் காமம். சர்குலர் கீயிலிருந்து கிளம்பி, மூன்று நாள் கடலில் மிதந்து, எந்த ஊரிலும் இறக்கிவிடாமல் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்கும் சொகுசுக் கப்பல்கள் இந்த வகை. செக்-அவுட் ஆனவர்களை அலைய விடும் நண்பகல் நடுவில் வராது. சுங்கம் கிடையாது. நாற்புறமும் கடல். இதையும் ஆராய்ந்தால்தான் ஆய்வு முழுமை பெறும் என்று வீட்டில் நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். உள்பக்க அறை என்றால் யோசிக்கலாம் என்று தலைவி பதில் சொல்லியிருக்கிறாள். உள்பக்க அறைக்கு ஜன்னல் கிடையாது.